யூ.பி.ஐ. லைட்: மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு சுருக்குப் பை

முதல் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம் ஆனதும் பெரும்பாலானவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பெருசா ஒண்ணும் வாங்கல, ஆனா காசு எங்க போச்சு?" பதில் வங்கி ஸ்டேட்மெண்ட்டிலேயே இருக்கும். 15, 30, 12, 48, 15, 120, 15 என்று பக்கம் பக்கமாக இறங்கும். எதுவுமே தப்பான செலவு இல்லை. டீயும் வடையுமாக நாளைக்கு 42 ரூபாய் என்றால் 22 வேலைநாளுக்கு 924 ரூபாய். அந்த 924-ஐ ஒரே தடவையில் கேட்டிருந்தால் யாரும் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். 42-ஆகக் கேட்டதால் யோசிக்கவில்லை.

பர்ஸில் 200 ரூபாய் இருந்தால் 200 தீர்ந்ததும் தீர்ந்ததுதான். ஜீபே பண்ணும்போது கை நுழைவது பர்ஸுக்குள் இல்லை, மொத்தச் சம்பளத்துக்குள். வாடகையும் அதில்தான் கிடக்கிறது, ஊருக்கு அனுப்ப வேண்டியதும் அதில்தான், தீபாவளித் துணிக்கான காசும் அதில்தான். ஆழம் தெரியாத கிணற்றில் மொள்ளுகிற மாதிரி. நம் வீடுகளில் இதற்கு ஒரு பழைய வழி இருந்தது. சம்பளம் கைக்கு வந்ததும் பால், மளிகை, வாடகை, பள்ளிக் கட்டணம் என்று தனித்தனிக் கவரில் பிரித்து வைத்துவிடுவார்கள். அன்றாடச் சில்லறைச் செலவுக்குப் பாட்டியின் இடுப்பில் ஒரு சுருக்குப் பை. அதில் இருப்பதற்குள்தான் அன்றைய கை நீளும்.

போனுக்குள் அந்தச் சுருக்குப் பைக்கு மிக அருகில் வருவது யூ.பி.ஐ. லைட்: சில்லறைச் செலவுக்கான ஒரு சிறு தொகையை யூ.பி.ஐ. செயலிக்குள்ளேயே தனியாக ஏற்றி வைக்கும் வசதி. அதை உருவாக்கியவர்கள் இந்த நோக்கத்தில் உருவாக்கவில்லை. ஆனாலும் சம்பளத்துக்குள் வாழக் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு இன்று காசில்லாமல் கிடைக்கும் கருவிகளில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரே நிபந்தனை: செயலி தானாகக் காட்டுகிற வழியில் அமைக்கக் கூடாது. அப்படி அமைத்தால் பாதிப் பயன் போய்விடும். எந்த இடத்தில் எதை மறுக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

லைட்டுக்குள் என்ன நடக்கிறது

சாதாரண யூ.பி.ஐ.யில் 15 ரூபாய் டீக்குக்கூட உங்கள் வங்கியின் மையக் கணினி வரை போய் வர வேண்டும். நாடு முழுக்கச் சின்னச் சின்னத் தொகைகள் இப்படிக் குவிந்ததால், அந்தப் பாரத்தைக் குறைக்க 2022 செப்டம்பரில் லைட் கொண்டுவரப்பட்டது. முதலில் பீம் செயலியில் எட்டு வங்கிகளோடு வந்தது. ஸ்டேட் பேங்க், இந்தியன் வங்கி, கனரா வங்கி மூன்றும் அந்த எட்டில் உண்டு. இப்போது பெரிய செயலிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

கணக்கிலிருந்து ஒரு தொகையை ஒருமுறை பின் நம்பர் (ரகசிய எண்) போட்டு லைட்டுக்குள் ஏற்றுகிறீர்கள். அதற்குப் பிறகு அந்தத் தொகை தீரும் வரை பின் கேட்காது. ஸ்கேன் செய்து தொகையைப் போட்டுத் தட்டினால் போய்விடும். தொடங்கியபோது ஒரு செலவுக்கு 200 ரூபாய், மொத்த இருப்பு 2,000 ரூபாய் என்று வரம்பு இருந்தது. 2023-இல் ஒரு செலவுக்கான வரம்பு 500 ஆனது. 2024 இறுதியில் ஒரு செலவுக்கு 1,000, மொத்த இருப்பு 5,000 என்று உயர்ந்தது. அந்த உயர்வுக்குப் பிறகுதான் இது வாரச் செலவுக்கு லாயக்கான பையாயிற்று. 200 ரூபாய் வரம்பில் ஒரு மெடிக்கல் ஷாப் பில்லைக்கூடக் கட்ட முடியாது.

இருப்புக்கு வட்டி கிடையாது. அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். 1,500 ரூபாய் ஒரு மாதம் முழுக்க 2.5 சதவீத வட்டியில் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் கிடைப்பது மூன்று ரூபாய் சொச்சம்.

வங்கி ஸ்டேட்மெண்ட்டில் லைட்டுக்கு ஏற்றிய தொகை மட்டும் ஒரு வரியாக வரும். உள்ளே எந்தக் கடையில் எவ்வளவு என்பது வராது. ஒவ்வொரு டீக்கும் எஸ்.எம்.எஸ். வருவதும் நின்றுவிடும். இது நல்லதா கெட்டதா என்பது உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. கடனுக்கோ விசாவுக்கோ ஆறு மாத ஸ்டேட்மெண்ட் கேட்கும்போது நாற்பது பக்கத்துக்குப் பதில் ஆறு பக்கம் வரும். ஆனால் எஸ்.எம்.எஸ்.ஸைப் படித்துத் தானாகக் கணக்கெழுதும் செலவுச் செயலி வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செயலி குருடாகிவிடும். அதனால் பெரிய நஷ்டம் இல்லை என்பதே எங்கள் கருத்து. அந்தச் செயலிகள் செலவழித்து முடித்த பிறகு வண்ண வட்டம் போட்டுக் காட்டுபவை. கையை முன்கூட்டியே பிடிப்பது வேறு வேலை.

எவ்வளவு ஏற்றுவது: அந்த ஒரு எண்

லைட்டை அமைக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் வாரத்துக்கு எவ்வளவு என்ற எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது ஒதுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த எண்ணில்தான்.

கையில் வரும் சம்பளம் 32,000 என்று ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆஃபர் லெட்டரில் போட்ட ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து வந்த எண் அல்ல இது, பி.எஃப். பிடித்தம் எல்லாம் போய்க் கணக்கில் விழுகிற தொகை. சாப்பாட்டோடு பி.ஜி. 9,000. வீட்டுக்கு 7,000. சேமிப்பு 4,000. மாநகரப் பேருந்தின் மாத பாஸ் 1,000. பெண்கள் சாதாரணக் கட்டணப் பேருந்திலேயே போய்வர முடிந்தால் இந்த வரி மிச்சம். போன் ரீசார்ஜ் 350. ஊருக்குப் போய்வர 1,600. வருடத்தில் எப்போதாவது வரும் செலவுகளுக்கு 2,000. கூட்டினால் 24,950. மிச்சம் 7,050.

இதில் இரண்டு வரிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்று ரீசார்ஜ். 28 நாள் திட்டம் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை வருவதில்லை, பதின்மூன்று முறை வரும். திட்டத்தின் விலையை 13-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால்தான் மாதத் தொகை. இன்னொன்று அந்த 2,000. பொங்கல், தீபாவளி, கல்யாண மொய், பல் வலி, செருப்பு, போன் டிஸ்ப்ளே, அரையாண்டுக்கு ஒருமுறை சம்பளத்தில் பிடிக்கும் தொழில்வரி: இவையெல்லாம் திடீர்ச் செலவுகள் இல்லை. தேதி தெரியாவிட்டாலும் வரும் என்று தெரிந்தவை. இந்த வரியை விட்டுவிட்டுப் போடுகிற பட்ஜெட் முதல் கல்யாணப் பத்திரிகை வந்ததும் சரிந்துவிடும். பிறகு "பட்ஜெட்டெல்லாம் நமக்குச் சரிவராது" என்று கைவிட்டுவிடுவார்கள். சரிவராதது பட்ஜெட் இல்லை, விட்டுப்போன அந்த ஒரு வரி.

மிச்சம் உள்ள 7,050-ஐ நான்கால் வகுக்கத் தோன்றும். 1,762 வரும். அதுதான் தப்பு. வருடத்துக்கு 48 வாரம் இல்லை, 52 வாரம். 1,762-ஐ 52-ஆல் பெருக்கினால் 91,624. கையில் இருப்பதோ 7,050 பெருக்கல் 12, அதாவது 84,600. ஏழாயிரம் ரூபாய் துண்டு விழும். சரியான வழி: மாதத் தொகையை 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுப்பது. 1,626 வரும். அதைக் கீழ்நோக்கி முழுமையாக்கி 1,500 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மாதங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று பாருங்கள். நான்கு திங்கட்கிழமை வரும் மாதத்தில் 6,000 போகும், 1,050 மிஞ்சும். ஐந்து திங்கள் வரும் மாதத்தில் 7,500 போகும், 450 குறையும். வழக்கமான வருடத்தில் ஐந்து திங்கள் மாதங்கள் நான்கு, மற்றவை எட்டு. 8,400 மிஞ்சி, 1,800 குறைந்து, கடைசியில் 6,600 நிற்கும். நான்கு திங்கள் மாதத்தில் மிஞ்சிய 1,050-ஐ "மிச்சம் வந்துச்சு" என்று செலவழிக்காமல் கணக்கிலேயே விட்டால்தான் ஐந்தாவது திங்கள் வரும்போது கடன் வாங்க வேண்டியிராது.

அமைக்கும் முறை

லைட்டைச் சம்பளக் கணக்கோடு இணைக்காதீர்கள். இந்த மதிப்புரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கு அதே செயலியில் இருந்தால், லைட் தீர்ந்ததும் பின் நம்பருக்கு அந்தப் பக்கம் மொத்தச் சம்பளமும் காத்துக்கொண்டிருக்கும். சுருக்குப் பையைப் பீரோவின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

இரண்டாவதாக ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும். கல்லூரியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு பலரிடம் சும்மா கிடக்கும்; அதுவே போதும். குறைந்தபட்ச இருப்பு வைக்காவிட்டால் அபராதம் என்பதை ஸ்டேட் பேங்க் 2020-லும், கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-லும் எடுத்துவிட்டதால் இப்படி ஒரு செலவுக் கணக்கு வைத்திருப்பது பாரமில்லை. சம்பளம் வந்த மறுநாள் அந்த 7,050 மட்டும் இந்தக் கணக்குக்குத் தானாகப் போகும்படி சம்பளக் கணக்கின் நெட் பேங்கிங்கில் நிலையான உத்தரவு போடுங்கள். வாடகை, வீட்டுக்கு அனுப்புவது, ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) எல்லாம் சம்பளக் கணக்கிலிருந்தே போகட்டும். தினமும் ஸ்கேன் செய்யும் செயலியில் செலவுக் கணக்கு மட்டும் இருக்கட்டும். சம்பளக் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள். அவசரத்துக்கு அது வேண்டும் என்றால் வங்கியின் சொந்தச் செயலி போனில் இருந்தால் போதும். அதைத் திறந்து லாகின் செய்ய ஆகும் அரை நிமிடத்துக்கான பொறுமை டீக்கடையில் நிற்கும்போது யாருக்கும் வராது. ஆஸ்பத்திரியில் நிற்கும்போது கண்டிப்பாக வரும்.

இனி லைட். செயலியின் முகப்பிலோ சுயவிவரப் பக்கத்திலோ யூ.பி.ஐ. லைட் என்று ஒரு வரி இருக்கும். தட்டினால் கணக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தொகை கேட்கும், பின் கேட்கும். முடிந்தது. முதல் வாரம் 1,500 போடுங்கள்.

அங்கேயே ஆட்டோ டாப்-அப் என்று ஒரு பொத்தான் கண்ணில் படும். சில திரைகளில் அதுவே முன்கூட்டித் தேர்வாகி நிற்கலாம். 2024 அக்டோபர் கடைசியில் வந்த வசதி இது: இருப்பு ஒரு எல்லைக்குக் கீழே இறங்கியதும் கணக்கிலிருந்து தானாக நிரப்பிக்கொள்ளும், பின் கேட்காது. அவசரத்தில் டோக்கன் வாங்க நிற்பவருக்கு உதவிதான். பட்ஜெட்டுக்கோ இதைவிடப் பெரிய எதிரி இல்லை. தீர்ந்ததும் நிரம்புகிற பை தீராத பை. தீராத பையில் கணக்கே கிடையாது. இதை அணைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஏற்கெனவே போட்டிருந்தால் செயலியின் ஆட்டோபே (தானாகப் பணம் பிடிப்பது) பட்டியலிலும் அதற்கு ஒரு அனுமதி பதிவாகியிருக்கும். அதையும் நீக்கிவிட்டதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கிழமை ஏற்றுவது? திங்கட்கிழமை. வெள்ளி மாலையோ சனியோ ஏற்றினால் ஞாயிறு மதியத்துக்குள் பாதி காலியாகி, வேலைநாட்கள் முழுக்கச் சிக்கனமாக ஓட்ட வேண்டியிருக்கும். திங்களன்று ஏற்றினால் வார இறுதிக்கு என்ன மிஞ்சியிருக்கிறதோ அதற்குள் படமும் பிரியாணியும் அடங்கிவிடும். பழைய மிச்சத்தின் மேலேயே புது 1,500-ஐ ஏற்றலாம். ஆனால் மொத்தம் 3,000-ஐத் தாண்ட வேண்டாம். அதற்குமேல் மிஞ்சினால் கணக்கிலேயே இருக்கட்டும்.

பின் கேட்டால் நில்லுங்கள்

இதை நாள்தோறும் பயன்படுத்தும்போது கிடைக்கும் பெரிய லாபம் எந்த விளம்பரத்திலும் இல்லாதது. கடையில் ஸ்கேன் செய்கிறீர்கள். "எவ்ளோண்ணே?" "முப்பதுப்பா." 30 என்று போட்டுத் தட்டியதும் சவுண்ட் பாக்ஸ் கத்துகிறது. பின் கேட்கவில்லை. பட்ஜெட்டுக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். சனிக்கிழமை இரவு ஹோட்டல் பில் 260; லைட்டில் இருப்பது 190. செயலி பாதியை இதிலும் பாதியை அதிலும் எடுக்காது. முழுத் தொகைக்கும் வங்கிக் கணக்கைக் காட்டி, பின் போடச் சொல்லும் திரையைக் கொண்டுவந்து நிறுத்தும்.

அந்தத் திரைதான் மணியோசை. சாதாரண யூ.பி.ஐ.யில் எல்லாச் செலவுக்கும் பின் கேட்பதால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போயிருந்தது. விரல் தானாக அடித்துவிடும். லைட்டோடு பழகிய இரண்டு மூன்று வாரத்தில் பின் என்பது அபூர்வமாக வருவதாகிவிடும். வரும்போது அது ஒரே செய்தியைச் சொல்லும்: இந்த வாரக் காசு தீர்ந்துவிட்டது, இப்போது கேட்பது அடுத்த வாரத்துக் காசு. போடக் கூடாது என்பதில்லை. தெரிந்து போடுகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

இன்னொரு நல்ல விஷயம், சில்லறைத் தொகைகள் வங்கியின் மையக் கணினி வரை போகாததால், மாத முதல் வாரத்தில் வங்கி சர்வர் திணறும் நேரத்திலும் லைட் பெரும்பாலும் தடையில்லாமல் ஓடும். டீக்கடைக்காரர் முன்னால் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சங்கடம் குறையும்.

எங்கே ஒழுகுகிறது

முதல் ஓட்டை, திரும்பி வரும் பணம். நான்கு பேர் மதியம் சாப்பிட்டு 960 ரூபாய் பில்லை நீங்கள் லைட்டில் கட்டுகிறீர்கள். மற்ற மூவரும் தலைக்கு 240 அனுப்புகிறார்கள். அந்த 720 லைட்டுக்கு வராது, யூ.பி.ஐ. லைட் பணத்தைக் கொடுக்க மட்டுமே தெரிந்தது, வாங்கத் தெரியாது. 720-ம் வங்கிக் கணக்கில் விழும். கடைக்காரர் திருப்பித் தரும் ரீஃபண்டும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு உங்கள் செலவு 240 மட்டும்தான். ஆனால் வாரப் பையிலிருந்து 960 போயிருக்கும். புதன்கிழமையே பை காலி என்று ஏமாற்றம் வரும், "முறையே சரியில்லை" என்று தோன்றும். நண்பர்கள் அனுப்பிய அன்றே 720-ஐ லைட்டுக்குத் திரும்ப ஏற்றுங்கள். இல்லாவிட்டால் வேறொருவரைக் கட்டச் சொல்லிவிட்டு உங்கள் 240-ஐ லைட்டிலிருந்து அவருக்கு அனுப்புங்கள். இரண்டாவது வழிதான் சுலபம். லைட்டிலிருந்து ஆட்களுக்கும் அனுப்பலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது, 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட செலவுகள். இவை லைட்டில் போகவே போகாது. செருப்பு 1,400 என்றால் அது வாரச் செலவே இல்லை. அந்த 2,000 வரியில் சேரவேண்டியது, சம்பளக் கணக்கிலிருந்து போகட்டும். இந்த வரம்பைக் குறையாகப் பார்க்கத் தேவையில்லை. பெரிய செலவையும் சில்லறைச் செலவையும் தானாகவே பிரித்துத் தருகிறது.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. அது லைட்டுக்கு வெளியே இருக்கிறது. ஓ.டி.டி., பாட்டுச் செயலி, கிளவுட் சேமிப்பு என்று ஆட்டோபே போட்ட எதுவும் லைட் வழியாகப் போகாது. நேராகக் கணக்கில் கை வைக்கும். 15,000 ரூபாய் வரை பின் கேட்காமலே பிடிக்க ஆட்டோபேயில் இடம் உண்டு. ஒரு மாத இலவசம் என்று சேர்ந்து மறந்துபோன சந்தா இப்படித்தான் மாதாமாதம் போகும். எல்லா யூ.பி.ஐ. செயலியிலும் ஆட்டோபே என்றொரு பட்டியல் இருக்கிறது. லைட்டைத் தொடங்குகிற அன்றே அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைத்திருப்பதை மாதக் கணக்கில் ஒரு வரியாக எழுதுங்கள், மற்றதை ரத்து செய்யுங்கள்.

அதைவிட ஆபத்தானது கிரெடிட். ரூபே கிரெடிட் கார்டை யூ.பி.ஐ.யில் இணைத்து டீக்கடை கியூஆரைக்கூட ஸ்கேன் செய்யலாம் என்பது 2022-லிருந்து உள்ள வசதி. உணவு டெலிவரி செயலிகளில் பிறகு கட்டலாம் என்ற பொத்தான் முதலாவதாக நிற்கும். லைட்டில் காசு தீர்ந்த சனிக்கிழமை இரவில் இவை இரண்டும் திறந்திருந்தால் பையை அமைத்ததே வீண். கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி மிச்சத்தைத் தள்ளினால் மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம் வட்டி, அதன்மேல் ஜி.எஸ்.டி. தினசரிச் செயலியில் கார்டை இணைக்காதீர்கள். சம்பளத்துக்குள் வாழப் பழகிவிட்டோம் என்று ஒரு வருடம் கழித்துத் தோன்றினால் அப்போது இணைத்துக்கொள்ளலாம்.

ரொக்கமும் மற்ற வழிகளும்

வாரத்துக்கு 1,500-ஐ ஏ.டி.எம்.மில் எடுத்துப் பர்ஸில் வைத்தால் இதே வேலை நடக்காதா? நடக்கும். கையால் எண்ணித் தரும்போது உறைப்பது இன்னும் நன்றாகவே உறைக்கும். ஆனால் சென்னையில் 15 ரூபாய்க்கு 500 ரூபாய்த் தாளை நீட்டினால், "ஜீபே பண்ணிடுங்க தம்பி" என்றுதான் பதில் வரும். அங்கே போய்விட்டது கணக்கு. ஏ.டி.எம். எண்ணிக்கையும் இருக்கிறது: சொந்த வங்கியில் மாதம் ஐந்து முறையும், பெருநகரங்களில் பிற வங்கி ஏ.டி.எம்.மில் மூன்று முறையும் இலவசம், அதற்குமேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை. கிராமத்திலோ சின்ன ஊரிலோ வேலை பார்ப்பவர்கள், சந்தையில் காய்கறி வாங்குபவர்கள் ரொக்கத்தையே நம்பலாம். 300 ரூபாய் ரொக்கம் வைத்திருப்பது எல்லோருக்குமே நல்லது. அதையும் வாரத் தொகைக்குள்ளேயே எண்ணுங்கள். லைட்டில் 1,200, கையில் 300.

செலவை எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நோட்டும் எக்ஸலும் நல்லவையே. எழுதும் பழக்கம் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகிறவர்களுக்குத்தான் லைட் அதிகம் பயன்படும். இங்கே எதையும் எழுத வேண்டியதில்லை, மிச்சமே கணக்கு.

சேமிப்புக்கான 4,000-ஐ லைட்டோடு குழப்பாதீர்கள். அதைச் சம்பளம் வந்த மறுநாளே வெளியே அனுப்பிவிட வேண்டும். அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் 4,000 என்றால் 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் கட்டிய 2,40,000 ஏறக்குறைய 2,85,000 ஆகும். ஆனால் அங்கே ஐந்து வருடம் நிற்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் மூட முடியாது; அதன்பிறகு முன்கூட்டி மூடினால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். ஆகவே கையில் மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும் வரை வங்கியில் ஒரு வருட ஆர்.டி. போடுவது நல்லது. அஞ்சலகம் அதன் பிறகு.

போன் தொலைந்தால், போன் மாற்றினால்

லைட் போனோடு ஒட்டியது. போனை மாற்றுவதற்கோ ரீசெட் செய்வதற்கோ முன்னால் செயலியில் லைட்டை மூடினால் மிச்சம் கணக்குக்குத் திரும்பிவிடும். 2025-லிருந்து லைட்டை மூடாமலே மிச்சத்தைக் கணக்குக்கு மாற்றும் வசதியும் இருக்கிறது. இதைச் செய்யாமல் செயலியை நீக்கிவிட்டால் மிச்சத்துக்காக வங்கியோடும் செயலியின் உதவி மையத்தோடும் அலைய வேண்டியிருக்கும். ஆறு மாதம் தொடாமலே விட்டாலும் லைட் மூடப்பட்டுப் பணம் கணக்குக்கே போய்விடும்.

பின் இல்லாததால் போன் கைமாறினால் லைட்டில் உள்ள தொகை போக வாய்ப்புண்டு. அதனால்தான் 5,000 வரை ஏற்ற முடிந்தாலும் 3,000-க்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறோம். போனுக்கு ஒரு பூட்டு, செயலிக்குத் தனியாக ஒரு பூட்டு. தொலைந்தது என்று தெரிந்ததும் முதலில் சிம்மை முடக்குங்கள், அடுத்த நிமிடம் வங்கிக்கு அழையுங்கள். ஒரே போனில் இரண்டு செயலியில் இரண்டு லைட் வைப்பது வேண்டாம்; இரண்டு பை இருந்தால் இரண்டிலும் எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

இன்னும் என்ன வேண்டும்

இப்போதைய நிலையில் இதை ஐந்துக்கு நான்கு என்று மதிப்பிடலாம். ஒரு புள்ளியை இரண்டு குறைகளுக்காகக் குறைக்கிறோம். நண்பர்கள் திருப்பித் தரும் காசை வாங்க வழியில்லாதது ஒன்று. ஆட்டோ டாப்-அப் இருப்பை மட்டும் பார்த்து நிரப்புவது இன்னொன்று. அது கிழமையைப் பார்த்து நிரப்பினால், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு 1,500, மற்ற நாளில் ஒரு ரூபாயும் இல்லை என்று அமைக்க முடிந்தால், மனிதர் செய்ய வேண்டியது எதுவுமே இருக்காது. அந்த வசதி வரும் வரை போன் அலாரத்தில் திங்கள் எட்டு மணிக்கு "வாரக்காசு" என்று ஒன்றைப் போட்டு வையுங்கள். அது அடித்ததும் முதலில் பழைய மிச்சத்தைப் பாருங்கள், பிறகு ஏற்றுங்கள்.